கழுத்தில் தொங்கிய கருவி

தோட்டத்துப் பெரட்டுக்களத்திலே கொய்னா கொடுத்த காலத்தை நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கசப்புக்கு அஞ்சியவர்களும் உண்டு, காய்ச்சலுக்கு அஞ்சி விழுங்கியவர்களும் உண்டு. மக்கள் ஒரு மருந்தையோ கருவியையோ ஏன் ஏற்கிறார்கள் என்னும் கேள்வி அன்றைக்கே எழுந்ததுதான்.

சிங்கப்பூரிலே 2015ஆம் ஆண்டில் சுகாதார மேம்பாட்டு வாரியம் காலடியை எண்ணும் கைப்பட்டைகளை இலவசமாகக் கொடுத்தது. நடந்தால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் பற்றுச்சீட்டு. மக்கள் விரும்பியே கட்டிக்கொண்டார்கள். மலையேறிக் கொழுந்து பறிக்கும் நம் பெண்களின் அடிகளை எவரேனும் அப்படி எண்ணியிருந்தால் எத்தனை புள்ளி சேர்ந்திருக்கும்!

2020இல் கொரோனா வந்தபோது கதை வேறானது. மார்ச் மாதம் டிரேஸ்டுகெதர் என்னும் செயலி வந்தது. கைப்பேசி இல்லாத முதியோருக்காக, ஜூன் கடைசியில், கழுத்தில் மாட்டும் சிறு டோக்கன் வந்தது. நமக்கு அருகில் இருந்தவரின் கருவியை அது புளூடூத் வழியாகக் குறித்துக்கொள்ளும். நாம் இருந்த இடத்தைக் குறிக்காது. 25 நாளில் பதிவு அழியும்.

தேக்காவில் நாம் ஞாயிறுதோறும் கண்ட தமிழ்நாட்டுத் தொழிலாளருக்கோ விருப்பம் என்ற பேச்சே இல்லை. தங்குவிடுதியில் இருந்தோருக்கு அவ்வாண்டு ஜூனிலேயே செயலி கட்டாயம். ஓர் அறையில் பலர் படுத்துறங்கிய அவ்விடங்களில், டிசம்பருக்குள் நூற்றுக்கு 47 பேரைத் தொற்று தொட்டிருந்தது. கருவி ஒருவரோடொருவர் நெருங்கியதைக் காட்டும், அறையைப் பெரிதாக்குமா? 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக, தடுப்பூசி போட்டவர்களில் வாரம் 500 பேர்வரை வெளியே செல்ல இடம் தந்தார்கள். லிட்டில் இந்தியாவை அவர்கள் மீண்டும் பார்த்தது அப்போதுதான், அதுவும் சில மணி நேரம்.

இதற்கிடையே நம்பிக்கைக்கும் ஓர் அடி விழுந்தது. நோய்த்தொடர்பைக் கண்டறிய மட்டுமே பதிவுகள் என்று முன்பு சொல்லியிருந்தார்கள். காவல்துறையும் அவற்றைக் கேட்டுப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் தெரியவந்தது. அமைச்சர் விவியன் பாலகிருஷ்ணன் தவற்றுக்குப் பொறுப்பேற்றார். ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டுமே என்று பிப்ரவரியில் சட்டம் வரம்பு கட்டியது. குறை சொன்னவர்களும் டோக்கனைக் கழற்றவில்லை. கழற்றத்தான் முடியுமா? அவ்வாண்டு மே 17 முதல் அங்காடிக்குள் நுழையவே அது வேண்டியிருந்தது.

2023 பிப்ரவரியில் திட்டம் முடிவுற்றது. டோக்கன்களைச் சமூக மன்றங்களில் திருப்பிக் கொடுக்கலாம் என்றார்கள். பதிவுகள் அழிக்கப்பட்டன, ஒரு கொலை வழக்கைச் சேர்ந்தவை நீங்கலாக.