காருக்கு வரிசையில் நின்ற காலம்: வாங்கலாமா, முதலீடு பண்ணலாமா?

நேயர்கள்கிட்ட இருந்து எனக்கு அடிக்கடி வர்ற கேள்வி இது: "கையில் பத்து, பன்னிரண்டு லட்சம் சேர்ந்திருக்கு. ரொம்ப நாளா ஆசைப்பட்ட காரை வாங்கலாமா, இல்ல மியூச்சுவல் ஃபண்டில் போடலாமா?"

இதுக்குப் பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ரீல்ஸ் பக்கம் போனா, "கார் ஷோரூம் வாசலைத் தாண்டின நிமிஷமே மதிப்பு இறங்கிடும், வாங்காதே"ன்னு ஒருத்தர் கத்துவார். வீட்டில் கேட்டா, "காரெல்லாம் அப்புறம், முதல்ல ஒரு கிரவுண்டு இடம் வாங்கிப் போடு" என்பார்கள். இன்னைக்கு நான் பார்க்கப் போறது இந்தக் கேள்வியோட வரலாற்றை. ஏன்னா, இந்தியாவில் இந்தக் கேள்விக்கே முப்பது வயசுதான் இருக்கும். அதுக்கு முன்னாடி, கார் என்றால் மதிப்பு குறையும் என்ற விதியே இங்கே சரியா வேலை செய்யவில்லை.

எப்படின்னு பார்ப்போம். 1951-ல் தொழில் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. எந்தத் தொழிற்சாலை எதைத் தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதற்கெல்லாம் அரசு லைசென்ஸ் வேண்டும். வெளிநாட்டில் இருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டி விற்றுக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் ஐம்பதுகளின் நடுவில் கிளம்பிவிட்டன. மிச்சம் இருந்தது முக்கியமா மூன்று பேர். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் அம்பாசடர் செய்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் ஃபியட் செய்த பிரீமியர், நம்ம வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் செய்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ். மூன்றையும் சேர்த்தால்கூட, எழுபதுகளில் இந்தியா முழுக்க ஆண்டுக்கு ஐம்பதாயிரம் கார் வரவில்லை. இன்னைக்கு அந்த எண்ணிக்கை ஒரே வாரத்தில் விற்றுப்போகிறது.

இப்போ ஒரு சின்ன லாஜிக். காரின் விலையையும் பல ஆண்டுகள் அரசுதான் கட்டுப்படுத்தியது. வாங்க ஆள் நிறைய, வண்டி கம்மி, ஆனா விலையை ஏத்த முடியாது. அப்போ என்ன ஆகும்? வரிசை நீளும். பெரிய ஹீரோ படத்துக்கு முதல் நாள் முதல் காட்சி டிக்கெட் எடுத்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். கவுண்டரில் ஒரு விலை, வெளியே பிளாக்கில் இன்னொரு விலை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற காசு, டிக்கெட் கையில் இருக்கிறவனுக்கு. காரிலும் ஸ்கூட்டரிலும் அதேதான் நடந்தது. பல ஆண்டுகள் காத்திருந்து ஒதுக்கீடு வாங்கியவர், வண்டியை எடுத்த கையோடு விற்றாலும், கொடுத்த விலைக்கு மேல் கிடைக்கும். மதிப்பு இரும்பில் இல்லை, வரிசையில் பிடிச்ச இடத்தில் இருந்தது!

இதோட உச்சம் மாருதி. 1981-ல் அரசு மாருதி உத்யோக் நிறுவனத்தைத் தொடங்கியது. 1982-ல் சுசூகியுடன் ஒப்பந்தம். 1983-ல் முன்பதிவு திறந்தார்கள். முன்பணம் 10,000 ரூபாய். கார் ரோட்டுக்கே வரலை, யாரும் ஓட்டிப் பார்க்கலை. ஆனாலும் சுமார் 1,35,000 பேர் பணம் கட்டினார்கள். பெருக்கிப் பாருங்க, 135 கோடி ரூபாய். வண்டி வர்றதுக்கு முன்னாடியே! யாருக்கு முதலில் என்பதைக் குலுக்கல் போட்டு முடிவு செய்தார்கள். 1983 டிசம்பர் 14 அன்று, இந்தியன் ஏர்லைன்ஸில் வேலை பார்த்த ஒரு டெல்லிக்காரருக்கு, அப்போதைய பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். விலை 47,500 ரூபாய். அவர் அந்தக் காரை விற்கவே இல்லை, 2010-ல் இறக்கும் வரை வைத்திருந்தார். ஆனால் அடுத்து வந்தவர்களில் பலர் பிரீமியம் வாங்கிக்கொண்டு வண்டியைக் கைமாற்றினார்கள். அந்த 10,000 ரூபாய் அவர்களுக்கு முதலீடேதான்.

உடனே ஒருத்தர் கால்குலேட்டரைத் தூக்கிக்கிட்டு வருவார். "அந்த 47,500-ஐ அன்னைக்கே சென்செக்ஸில் போட்டிருந்தா இன்னைக்குக் கோடீஸ்வரன்!" கணக்கு தப்பில்லை. ஆனா போட்டிருக்க முடியுமா? சென்செக்ஸ் என்ற குறியீடே 1986-ல்தான் வெளியிடப்பட்டது. 1987 வரை நாட்டில் இருந்த ஒரே மியூச்சுவல் ஃபண்ட் யூடிஐ. டீமேட் வந்தது 1996-ல். அதுவரை பங்கு என்பது காகிதம். தபாலில் தொலையலாம், கையெழுத்து பொருந்தலைன்னு திரும்பி வரலாம். மாதச் சம்பளக்காரருக்கு எட்டும் தூரத்தில் இருந்தவை வங்கி டெபாசிட், போஸ்ட் ஆபீஸ், எல்ஐசி, சீட்டு, அப்புறம் தங்கம்.

தங்கக் கணக்கை மட்டும் போட்டுப் பார்த்தேன். 1983-ல் பத்து கிராம் சுமார் 1,800 ரூபாய். அப்போ ஒரு மாருதியின் விலைக்கு முப்பது பவுனுக்கு மேல் வாங்கியிருக்கலாம். இன்னைக்கு விலையை நீங்களே பெருக்கிக்கோங்க. ஆனா அந்தத் தலைமுறை பவுனையும் காரையும் தராசில் வைத்துப் பார்த்திருக்குமா என்பது சந்தேகம்தான். கார் பலருக்குக் கைக்கெட்டாத பொருள். பவுன், மகள் கல்யாணத்துக்கு. இரண்டும் வேற வேற கணக்கு.

1993-ல் கார் தயாரிக்க லைசென்ஸ் தேவையில்லை என்றானது. அதுக்கப்புறம் மளமளன்னு மாறியது. மறைமலை நகருக்கு ஃபோர்டு வந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் வந்தது. 1998-ல் சான்ட்ரோ ரோட்டில் ஓடியது. வங்கிகள் கார் கடனைத் தேடி வந்து கொடுக்க ஆரம்பித்தன. வரிசை கரைந்தது. வரிசையோட சேர்ந்து அந்தப் பிரீமியமும் போச்சு. கார், உலகத்தில் மற்ற இடங்களில் இருப்பது போல, ஓட ஓடத் தேயும் பொருளாக ஆனது. அதே பத்து ஆண்டுகளில் தனியார் மியூச்சுவல் ஃபண்டும் டீமேட் கணக்கும் வந்தன. அதாவது, காரின் மதிப்பு இறங்கத் தொடங்கியதும் பணத்துக்கு வேற வழிகள் திறந்ததும் ஒரே சமயத்தில். 'காரா, முதலீடா' என்ற நம்ம கேள்வி பிறந்தது அங்கேதான்.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் 2003. அந்த ஆண்டு மாருதியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தன, பங்குக்கு 125 ரூபாய். அப்போ ஒரு மாருதி 800 ஏறக்குறைய இரண்டு லட்சம். அந்தப் பணத்துக்கு 1,600 பங்கு வரும். 2024-ல் ஒரு பங்கு 10,000 ரூபாய்க்கு மேல் போனது. ஒரு கோடியே அறுபது லட்சம்! அதே காசுக்கு வாங்கின கார், இந்நேரம் காயலான் கடையில் இருக்கும்.

கைதட்டுறதுக்கு முன்னாடி மறுபக்கத்தையும் பார்த்துடுவோம். ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது பழைய எஞ்சின், எடுபடவில்லை. 1988 வாக்கில் கதை முடிந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014-ல் அம்பாசடரை நிறுத்தியது. "கார் கம்பெனியில் பணம் போடு" என்பது ஒரே அறிவுரைதான். எந்தக் கம்பெனி என்பதில்தான் கோடியும் இருக்கு, பூஜ்யமும் இருக்கு. யூடிஐ-யின் யூஎஸ்-64 திட்டத்தை வங்கி டெபாசிட் மாதிரி நம்பியிருந்தவர்கள், 2001 ஜூலையில் பணத்தைத் திருப்பி எடுப்பது நிறுத்தப்பட்டபோது தவித்தார்கள். ஜெயிச்ச பங்கை மட்டும் எடுத்துவந்து காரோட ஒப்பிடுறது நியாயமான சோதனை இல்லை.

சரி, இன்னைக்கு என்ன? காரின் மதிப்பு எவ்வளவு வேகமா இறங்குதுன்னு தெரிய, இன்சூரன்ஸ் பாலிசியில் ஐடிவி என்ற வரியைப் பாருங்க. அதுக்கான அட்டவணைப்படி முதல் ஆண்டு முடிவில் 15 சதவீதம் கழியும், மூன்றாம் ஆண்டு முடிவில் 30, ஐந்தாம் ஆண்டு முடிவில் 50. இன்னொரு பக்கம் பத்து லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு ஆண்டு என்றால் மாதம் 16,000 சொச்சம். மொத்த வட்டி மட்டும் மூன்றரை லட்சம். ஐந்தாம் ஆண்டில் வண்டி பாதி விலைக்கு வந்திருக்கும், நீங்க இன்னும் இரண்டு ஆண்டு தவணை கட்டிக்கிட்டு இருப்பீங்க.

அதுக்காக வாங்காதீங்கன்னு சொல்லலை. இந்த வரலாறு எனக்குச் சொல்றது வேற. லைசென்ஸ் காலத்து வரிசை ஒரு கொடுமை. ஆனா தன்னை அறியாமலே அது ஒரு வேலை செய்தது. ஆசைக்கும் வாங்குறதுக்கும் நடுவில் சில ஆண்டு இடைவெளி வைத்தது. அந்த இடைவெளியில் பணம் சேர்ந்தது, ஆசை உண்மையானதான்னும் தெரிஞ்சது. இப்போ அந்த இடைவெளி சுத்தமா இல்லை. சனிக்கிழமை டெஸ்ட் டிரைவ், திங்கள்கிழமை லோன் அப்ரூவல்.

அதனால நாமளே நமக்கு ஒரு வரிசை போட்டுக்கணும். நான் போட்டிருக்கேன். எனக்கும் ஒரு காரின் மேல் கண் இருக்கு, விலை பதின்மூன்று லட்சம். காரை எடுத்திருந்தால் தவணையா எவ்வளவு கட்டுவேனோ, அதை மாதாமாதம் ஆர்.டி.யில் போடுறேன். இரண்டே ஆண்டில் தேவைப்படும் பணம் என்பதால் பங்குச் சந்தைக்கு அனுப்பவில்லை. என்னோட எஸ்ஐபி அது பாட்டுக்குத் தனியா ஓடுது. லேஆஃப் வந்தா தாக்குப்பிடிக்க ஆறு மாதச் செலவும் தனியா இருக்கு. இப்போ ஒன்பதாவது மாதம். ஒரு மாதம்கூடக் கை கடிக்காமல் போட முடிஞ்சா, அந்தக் காரை என் சம்பளம் தாங்கும்னு அர்த்தம். நடுவில் எஸ்ஐபி-யை நிறுத்த வேண்டி வந்தா, அந்தக் கார் எனக்குப் பெருசுன்னு அர்த்தம். இரண்டு ஆண்டு கழிச்சும் ரோட்டில் அது போகும்போது தலை திரும்பினா, பெரிய முன்பணம் கட்டி, மிச்சத்துக்கு மட்டும் கடன் வாங்கி எடுத்துடுவேன். அது முதலீடுன்னு யாரையும் ஏமாத்த மாட்டேன். செலவுதான், தெரிஞ்சே பண்ற செலவு.

உங்க வீட்டிலும் பெரியவங்க யாராவது ஸ்கூட்டருக்கோ காருக்கோ பெயர் பதிஞ்சுட்டுக் காத்திருந்திருப்பாங்க. இந்த வாரம் அவங்ககிட்ட உட்கார்ந்து அந்தக் கதையைக் கேளுங்க. எத்தனை வருஷம் காத்திருந்தாங்க, வண்டி வந்த அன்னைக்கு என்ன பண்ணினாங்கன்னு எனக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.