கடலடிக் கம்பியும் மின்தேக்கியும்

1871-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடித் தந்தி ஓடத் தொடங்கிற்று. அந்நாளில் சென்னையில் அலைதடுப்புச் சுவர் சூழ்ந்த துறைமுகம் இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நிற்க, மசுலாப் படகுகளே பண்டங்களைக் கரை சேர்த்தன. அத்தகைய கரைக்கு 1,000 கடல்மைலுக்கும் அப்பாலிருந்து செய்தியைக் கொணர்ந்தது செப்புக் கம்பி. அக்கம்பியைக் காத்ததோ ஒரு மரத்தின் பால்!

மலாய்க் காட்டு மரமொன்றின் பால் உறைந்து கிடைப்பது கட்டாபெர்ச்சா. சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் கோத்து நிற்கும் பலபடிப் பொருள் அது. மின்சாரத்தை அது ஊடே செல்லவிடாது என்பதை 1848-இல் மைக்கேல் பாரடே எடுத்துரைத்தார். மரத்தைக் கீறினால் சிறிதளவு பாலே கிட்டும். ஆகவே மரங்களையே வெட்டிச் சாய்த்தனர். தந்தியின் பெருமையைப் பேசுங்கால் அழிந்த அக்காடுகளையும் எண்ணுதல் முறை என்பேன்.

உள்ளே செம்பு, வெளியே கடல்நீர், நடுவே கட்டாபெர்ச்சா. இரு கடத்திகளுக்கிடையே ஒரு மின்காப்பு இருந்தால் அது மின்தேக்கி அன்றோ? அனுப்பிய மின்னூட்டத்தில் ஒரு பகுதி அங்கேயே தேங்கிக் குறிகளை மழுங்கச் செய்தது. கம்பியின் நீளம் இருமடங்கானால் தாமதம் நான்கு மடங்காகும் என வில்லியம் தாம்சன் கணக்கிட்டார். அன்று தொல்லையாயிருந்த அத்தேக்கமே இன்று நாம் விரும்பி வேண்டும் பண்பு.

கட்டாபெர்ச்சாவுக்குப் பகை வெப்பம். வெந்நீரிலிட்டால் மாவுபோல் குழையும். 1858-இல் அட்லாண்டிக்கில் இட்ட கம்பி, முன்னர் வெயிலில் கிடந்தபோது காப்பு இளகி, செம்பு நடுவிடம் விட்டு விலகியிருந்தது. மிகை மின்னழுத்தமும் சேர, அது சில வாரங்களில் ஊமையாயிற்று. பின்னர்க் கப்பல்களில் நீர்த்தொட்டிகளுக்குள்ளேயே கம்பியைச் சுருட்டிக் கொணர்ந்தனர்.

1933-இல் பாலிதீனும் 1954-இல் பாலிபுரொப்பிலீனும் ஆய்வுக்கூடங்களில் பிறந்தன. பின்னதன் மெல்லிய படலமே இன்றைய மின்தேக்கிகள் பலவற்றின் உயிர். 1856-இல் தென்னாட்டின் முதற் பயணிகள் இரயில் புறப்பட்ட இராயபுரத்தில் இன்று மின்சார எஞ்சின் பணிமனை உள்ளது. அவ்வெஞ்சின்களில் மின்சாரத்தை மாற்றியமைக்கும் கருவிக்குள்ளும் மின்தேக்கிகள் உண்டு.

பகையும் பழைய பகையே. ஏறத்தாழ 105 பாகை செல்சியசுக்கு மேல் பாலிபுரொப்பிலீன் தளர்கிறது. மின்கசிவு வெப்பத்தைத் தரும். வெப்பம் கசிவை மிகுவிக்கும். முடிவில் படலம் துளைபட்டுப் போகும். பாலிஇமைடு இன்னும் மிகுந்த சூட்டில் உருகாது நிற்பினும், மின்னழுத்தம் மிகும்போது கசியவே செய்கிறது. 2015-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார், குறுக்கே பிணைத்த பலபடியொன்றில் போரான் நைட்ரைடின் நுண்தகடுகளைக் கலந்து, 250 பாகையிலும் செயற்படும் படலத்தைச் செய்துகாட்டினர். ஆய்வுக்கூடத்தில் செய்த அத்தகைய படலத்தை, ஆலையில் குறையேதுமின்றி நெடுஞ்சுருளாக மலிவாய் உருவாக்குவது வேறு வேலை, அது எளிதன்று.