ரிட்டயர்மென்ட் பணத்தை எங்கே போடலாம்? யாரிடம் கேட்கலாம்? மயிலாப்பூர் ஃபண்ட் விவகாரத்துக்குப் பின் தெரிந்துகொள்ள வேண்டியவை

மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு பக்கம் ஓய்வுபெற்றவர்களிடம் பணத்தை எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், 'ஃபண்ட் ஆபீஸில்' என்ற பதில் சாதாரணமாக வரும். 1872-ல் தொடங்கப்பட்ட மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் மீது தலைமுறை தலைமுறையாக இருந்த நம்பிக்கை அது. 2024-ல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. முதிர்வுத் தொகையும் வட்டியும் வரவில்லை என்று டெபாசிட்தாரர்கள் புகார் கொடுக்க, அதன் நிர்வாக இயக்குநர் தேவநாதன் யாதவை அந்த ஆண்டு ஆகஸ்ட்டில் பொருளாதாரக் குற்றப்பிரிவு போலீசார் கைது செய்தனர். குற்றச்சாட்டுகளை நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் பணம் போட்டவர்களில் பெரும்பாலோர் மூத்த குடிமக்கள். மாத்திரை வாங்கவும் அந்த வட்டியைத்தான் நம்பி இருந்தார்கள்.

அப்படியானால் வாழ்நாள் சேமிப்பை எங்கே, எப்படிப் பிரித்துப் போடுவது?

நிதி நிறுவனமும் வங்கியும் ஒன்றா?

இல்லை. 'நிதி' என்ற பெயரில் இயங்கும் நிறுவனங்கள் கம்பெனிகள் சட்டத்தின் கீழ் வருபவை. உறுப்பினர்களிடம் டெபாசிட் வாங்கி, உறுப்பினர்களுக்கே கடன் கொடுப்பவை. இவற்றுக்கு 2014-ம் ஆண்டின் நிதி விதிகள் பொருந்தும்; மத்திய கம்பெனி விவகார அமைச்சகம் கண்காணிக்கும்.

முக்கியமான வித்தியாசம் காப்பீடு. வங்கி மூழ்கினால், ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. நிதி நிறுவன டெபாசிட்டுக்கு அது கிடையாது. பிரச்னை வந்தால் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டப்படி (1997) சொத்துகளை முடக்கி, விற்று, நீதிமன்றம் வழியாகத்தான் பணம் திரும்ப வேண்டும். அதற்கு வருடக்கணக்கில் ஆகலாம்.

ஆலோசனை சொல்பவர்கள் யார் யார்?

* வங்கி அதிகாரி: தெரிந்த முகம், ஆலோசனைக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் தன் வங்கி விற்கும் திட்டங்களைத்தான் முதலில் காட்டுவார். எஃப்டி போடப் போனவர் இன்சூரன்ஸ் பாலிசியோடு திரும்புவது இப்படித்தான். அப்படி ஆகிவிட்டால், பாலிசி கைக்கு வந்த 30 நாட்களுக்குள் ரத்து செய்யலாம்.
* மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்: ஏஆர்என் எண் வைத்திருப்பார். அவருக்கு வருமானம் கமிஷன். அது நம் முதலீட்டிலிருந்தே வருடா வருடம் கழியும்.
* செபி பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்: பதிவு எண் 'ஐஎன்ஏ' என்று தொடங்கும். கட்டணம் நம்மிடம் மட்டுமே வாங்குவார். ஆலோசனை பெறுபவரிடம் திட்டங்களை விற்றுக் கமிஷன் வாங்கக் கூடாது. செபி இணையதளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம்.

யாராக இருந்தாலும் ஒரே கேள்வி போதும்: "நான் இதில் பணம் போட்டால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" நேரடியாகப் பதில் சொல்லாதவரிடம் செக் கொடுக்க வேண்டாம்.

எப்படிப் பிரிக்கலாம்? ஓர் உதாரணக் கணக்கு

தி.நகரில் சொந்த வீட்டில் இருக்கும், 62 வயதைக் கடந்த தம்பதி. பென்ஷன் இல்லை. கையில் 80 லட்சம். மாதச் செலவு 40 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

* 5 லட்சம் சேமிப்புக் கணக்கில். ஒரு வருடச் செலவுக்கும் திடீர் ஆஸ்பத்திரிச் செலவுக்கும்.
* 30 லட்சம் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில். ஒருவருக்கு உச்சவரம்பே இதுதான். 2025 நிலவரப்படி வட்டி 8.2 சதவீதம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும்.
* 15 லட்சம் போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில், கூட்டுக் கணக்காக. 7.4 சதவீத வட்டியில் மாதம் 9,250 ரூபாய்.
* 15 லட்சம் எஃப்டி. காப்பீட்டு வரம்பை நினைவில் வைத்து, வெவ்வேறு வங்கிகளில் பிரித்து. 7 சதவீதம் எனக் கொண்டால் மாதம் 8,750 ரூபாய்.
* 15 லட்சம் மியூச்சுவல் ஃபண்டில். ஏழு, எட்டு வருடம் தொடாமல் இருக்க வேண்டிய பணம்.

மாத வருமானம் சுமார் 38,500 ரூபாய். வரி இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

பங்குச்சந்தை இந்த வயதில் தேவையா?

விலைவாசிக்காகத் தேவை. வருடம் 6 சதவீதம் விலை ஏறினால், இன்றைய 40 ஆயிரம் ரூபாய்ச் செலவு பத்து வருடத்தில் 71 ஆயிரத்தைத் தாண்டும். எஃப்டி வட்டி அதோடு சேர்ந்து ஏறாது. அதே நேரம் சந்தை சரிந்தால் தூக்கம் கெடும் என்பவர்கள் அந்தப் பங்கைக் குறைத்துக்கொள்வதில் தவறில்லை. சந்தை இறங்கும்போது பயந்து விற்பதுதான் பெரிய நஷ்டம்.

கடைசியாகக் கவனிக்க வேண்டியவை

* எவ்வளவு பழைய நிறுவனம் என்றாலும், மொத்தப் பணத்தையும் ஒரே இடத்தில் போட வேண்டாம்.
* சந்தை முதலீட்டில் 'உறுதியான லாபம்' என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.
* எல்லாக் கணக்கிலும் நாமினி பெயர் இருக்கட்டும். ரசீதுகள் எங்கே இருக்கின்றன என்பது வீட்டில் இன்னொருவருக்காவது தெரியட்டும்.
* ஆலோசகர், மியூச்சுவல் ஃபண்ட் பற்றிய புகாரை செபியின் 'ஸ்கோர்ஸ்' தளத்திலும், டெபாசிட் மோசடிப் புகாரைப் பொருளாதாரக் குற்றப்பிரிவிலும் கொடுக்கலாம்.