எண்ணுக்குச் செவிசாய்க்கும் ஆலை: பினாங்கில் பயனீட்டாளர் தேவையும் உணவு உற்பத்தியும்

மலேசியாவின் பினாங்கில் உள்ள ஜோர்ஜ்டவுனில், இந்திய முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் ‘தே தாரே, கூராங் மானிஸ்’ (ஆற்றிய பால் தேநீர், இனிப்புக் குறைவாக) என்றால், தேநீர் ஆற்றுபவர் கெட்டிப்பாலைக் குறைத்து ஊற்றுவார். ஒருவரின் தேவை ஒரு குவளையில் அந்தக் கணமே நிறைவேறிவிடுகிறது. ஆலையில் இது நடவாது. அங்கே ஒரே கலவை ஆயிரக்கணக்கான புட்டிகளில் அடைபடுகிறது. உணவுத் தொழிலை மாற்றுவது பயனீட்டாளர் விருப்பமே என்று சந்தையியலார் சொல்வதைப் பினாங்கின் அனுபவத்தைக் கொண்டு அப்படியே ஏற்க இயலாது. தனிமனிதர் சொல் ஆலையின் காதில் விழ, அது முதலில் ஓர் எண்ணாக வேண்டும். அந்த எண்ணை வகுப்பவர் யார் என்பதே நம் வினா.

சில வேளை சந்தையே வகுக்கிறது. பினாங்கு வெள்ளைக் கறி மீ என்னும் நூடுல்ஸை மைகுவாலி நிறுவனம் 2013இல் உடனடி மீயாக்கியது. மறு ஆண்டே அது ‘ராமென் ரேட்டர்’ என்னும் அமெரிக்க விமர்சகரின் பட்டியலில் முதலிடம் பெற்றது. மிளகாய் விழுதுக்கு ஒரு பொட்டலம், கிரீமர் தூளுக்கு ஒன்று, மசாலைத் தூளுக்கு ஒன்று என அங்காடிக்காரரின் கைப்பக்குவம் மூன்றாகப் பிரிந்தது. ஆனால் அங்காடிக் கிண்ணத்தில் மிதக்கும் பன்றி இரத்தக் கட்டி பொட்டலத்துக்குள் வரவில்லை. அதன் இடத்தில் ஹலால் முத்திரை வந்தது. முஸ்லிம் பெரும்பான்மை நாட்டின் சந்தைக் கணக்கு சமையல் குறிப்பையே திருத்தி எழுதியது.

சர்க்கரையின் கதை வேறு. நாக்கு கேட்டது இனிப்பைத்தான். எதிர்க்குரல் எழுப்பியது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் அது பல பத்தாண்டுகள் சர்க்கரைக்கு எதிராகப் பரப்புரை செய்தது. அரசோ 2013 அக்டோபர் வரை சர்க்கரைக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது! கிலோவுக்கு 34 சென் மானியத்தை நிறுத்தி ஆறாண்டுகூட ஆகாத நிலையில், 2019 ஜூலை 1 அன்று அரசு இனிப்புப் பானங்களுக்குக் கலால் வரி விதித்தது. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் லிட்டருக்கு அப்போது 40 சென். பழச்சாறுக்கு வரம்பு 12 கிராம். இத்ரிஸ் அதற்கு முந்தைய மே மாதத்தில் மறைந்திருந்தார். 2019 தேசிய நலவாழ்வு ஆய்வின்படி பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்திய வம்சாவளியினரிடையே அதனினும் மிகுதி. எனவே சர்க்கரைக்கு எதிரான வழக்கு தமிழர் சமூகத்தினுடையதும்கூட.

பிரிட்டனில் 2018 ஏப்ரலில் வந்த வரிக்கும் 5 கிராமே கீழ்வரம்பு. வரி நடப்புக்கு வருமுன்பே அங்கே பல ஆலைகள் தம் கலவையை மாற்றிவிட்டன. விருப்பக் கணக்கெடுப்புகளைவிட ஒரு வரம்புக் கோடு வலியது என்பதற்கு இதுவே சான்று. எனினும் கோட்டுக்கும் ஒரு குறை உண்டு. சர்க்கரையைக் குறைத்துச் செயற்கை இனிப்பூட்டியைச் சேர்த்தால், ஆலை சட்டத்துக்கும் அடங்கும், பழகிய நாக்கையும் நோகச் செய்யாது. இதைப் பயனீட்டாளரின் வெற்றி என்று கொண்டாட எனக்கு மனமில்லை. பாதி வெற்றி என்பேன்.

மலேசியாவின் வரி 2025 ஜனவரியில் லிட்டருக்கு 90 சென்னாக உயர்ந்தது. மாமாக் கடையில் ஆற்றித் தரும் தேநீரோ இவ்வரிக்குள் வராது. அங்கே குடிப்பவர்தான் ‘கூராங் மானிஸ்’ என்று சொல்லியாக வேண்டும்.