வெந்நீரை யார் தீர்த்தது? – கீசரின் கதை

மார்கழி பிறந்தால் பல வீடுகளில் ஒரு சண்டை உண்டு. கடைசியாகக் குளிக்கப் போனவர் உள்ளே இருந்தே கத்துவார்: "எல்லா வெந்நீரையும் யார் காலி பண்ணினது?" இந்தச் சண்டைக்கு நூறு வருஷத்துக்கு மேல் வயசு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பெயர். ஐஸ்லாந்தில் தரையைப் பிளந்துகொண்டு பீறிட்டு எழும் வெந்நீர் ஊற்று ஒன்றின் பெயர் கெய்சிர். 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் தண்ணீரைச் சுடவைக்கும் கருவிக்குக் காப்புரிமை வாங்கி, அந்த ஊற்றின் பெயரையே வைத்தார். அதுதான் நம் வீட்டு 'கீசர்'. தண்ணீர் ஓட ஓட அதிலேயே சூடாகும். தீர்ந்துபோகும் பேச்சே இல்லை. ஆனால் புகை வெளியேற வழி வைக்காமல் விட்டுவிட்டார். ஜன்னல் இல்லாத குளியலறையில் கேஸ் கீசர் வைத்து, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடால் உயிர் விடுகிறவர்கள் நம் நாட்டில் இன்றும் இருக்கிறார்கள். கேஸ் கீசர் இருப்பவர்கள் தயவுசெய்து காற்றுப்போக்கைப் பாருங்கள்.

தொட்டியில் தண்ணீரைச் சுடவைத்துச் சேமித்து, சூடு குறைந்தால் தானே எரியும் கருவியை 1889இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் உருவாக்கிய பெருமை எட்வின் ரூட் என்ற நார்வேக்காரருக்குத் தரப்படுகிறது. சேமிப்பு வந்தது, கூடவே தீர்ந்துபோவதும் வந்தது.

இதே சமயம் வெயிலை நம்பியும் சிலர் இறங்கினார்கள். 1891இல் பால்டிமோரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப், கறுப்பு வண்ணம் அடித்த தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைத்து விற்றார். 'கிளைமாக்ஸ்' என்று பெயர். சாயங்காலம் அருமையான வெந்நீர் கிடைக்கும். விடிந்தால் பச்சைத் தண்ணீர்! சூடேறும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றே, அதுவும் வெளியில், என்றால் ராத்திரி சூடு எப்படி நிற்கும்? 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி இரண்டையும் பிரித்தார். கூரையில் குழாய்கள், அவற்றுக்கு மேலே, சூடு வெளியேறாதபடி போர்த்திய தொட்டி. சூடான நீர் லேசாகித் தானே மேலே ஏறும், மோட்டார் வேண்டாம். தன் நிறுவனத்துக்கு 'பகலும் இரவும்' என்ற பொருளில் பெயர் வைத்தார். கெம்ப்பின் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு அந்தப் பக்கம் இயற்கை எரிவாயு மலிவாகக் கிடைத்ததும் பெய்லியே எரிவாயு ஹீட்டர் செய்யப் போய்விட்டார். நம் மொட்டை மாடி சோலார் ஹீட்டரில் இன்றும் இருப்பது அவருடைய ஏற்பாடுதான்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். 1990களின் நடுவில் அமெரிக்காவில் ஏராளமான வீடுகளில் திடீரென்று வெந்நீர் போதாமல் போனது. 150 லிட்டர் தொட்டி, ஆனால் ஓர் ஆள் குளிப்பதற்குள் ஆறிவிடும். சிலர் தெர்மோஸ்டாட் மாற்றினார்கள், சிலர் ஹீட்டரையே மாற்றினார்கள். பிள்ளைகள் திட்டு வாங்கியிருக்கும், சந்தேகமில்லை. கொஞ்ச நாளில் குழாய் வாயிலும் ஷவரிலும் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் வந்து அடைத்தன.

அந்த ஊர் ஹீட்டரில் குளிர்ந்த நீர் மேலே இருந்து நுழையும். உள்ளே தொங்கும் ஒரு பிளாஸ்டிக் குழாய் அதை அடிவரை கொண்டுபோய் விடும். குளிர்ந்த நீர் கனம், அடியில் நிற்கும். வெந்நீர் மேலேயே இருந்து முதலில் வெளியேறும். 1993 முதல் 1996 வரை செய்த ஹீட்டர்களில் இந்தக் குழாய் சூட்டில் நொறுங்கி உதிர்ந்தது. குளிர்ந்த நீர் மேலேயே விழுந்து, வெந்நீரோடு கலந்து, அப்படியே வெளியே வந்துவிட்டது. பல கம்பெனிகளின் ஹீட்டர்களுக்குக் குழாய் செய்து கொடுத்தது ஒரே நிறுவனம் என்பதால் லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே பழுது. வழக்கு நடந்து, குழாயை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். வந்தது பிளாஸ்டிக்கா உப்பா என்று பார்க்க எளிய சோதனை: துணுக்கை வினிகரில் போடுங்கள். உப்புப் படிவு நுரைத்துக் கரையும், பிளாஸ்டிக் மிதக்கும்.

நம் சுவர்க் கீசரில் ஏற்பாடு தலைகீழ். குளிர்ந்த நீர் அடியில் நுழையும். வெந்நீர் எடுக்கும் குழாய் உள்ளே உச்சிவரை நிற்கும். அது அரித்து ஓட்டை விழுந்தால் அடியிலிருக்கும் குளிர்ந்த நீரையும் இழுத்துவிடும். தெர்மோஸ்டாட் சரியான அளவில் இருந்து, விளக்கும் அணைந்து, தண்ணீர் மட்டும் வெதுவெதுப்பாக வந்தால், "காயில் மாற்றணும் சார்" என்பவரிடம் முதலில் அந்தக் குழாயையும் மிக்ஸர் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடாகவே நேரம் பிடித்தால் மின்னழுத்தத்தைப் பாருங்கள்: 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வந்தால் 2000 வாட் காயில் சுமார் 1200 வாட்தான் வேலை செய்யும்.

பழுதே இல்லாமலும் தீரும். 15 லிட்டர் கீசரில் 60 டிகிரி நீர் இருக்கிறது, குழாய்த் தண்ணீர் 25 டிகிரி என்று வையுங்கள். குளிக்க 40 டிகிரிக்குக் கலந்தால் கிடைப்பது அதிகபட்சம் 35 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு வாளி. மறுபடி 15 லிட்டரும் சூடாக 2000 வாட் காயிலுக்கு 20 நிமிடம் ஆகும். மூன்றாவதாகக் குளிக்கப் போகிறவர் அதுவரை பேப்பர் படிக்கலாம்.