செயற்கைக்கோள் யாருடைய சொத்து? 1962ஆம் ஆண்டு அமெரிக்க விவாதம்

கண்டங்களுக்கிடையே செய்தி கடத்தும் செயற்கைக்கோள்கள் அரசுக்கு உரியவையா, தனியார் நிறுவனங்களுக்கு உரியவையா என்ற கேள்வி இணையக் காலத்தில் பிறந்ததன்று. 1962ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் அது கடும் விவாதத்துக்குள்ளாயிற்று. 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் விண்வெளி நாட்டுப் பாதுகாப்போடு பிணைந்த துறையாகி, ராக்கெட் ஆய்வுக்கு மக்களின் வரிப்பணம் பெருமளவில் செலவிடப்பட்டமையால், அதன் பயனை அடைய வேண்டியவர் யார் என்பதே அவ்விவாதத்தின் மையமாக இருந்தது.

அக்காலத்தில் அமெரிக்கத் தொலைபேசித் தொழிலில் ஏறத்தாழ முற்றுரிமை பெற்றிருந்த ஏடி அண்ட் டி நிறுவனம், தன் செலவில் உருவாக்கிய டெல்ஸ்டார் செயற்கைக்கோளை, நாசாவுக்குக் கட்டணம் செலுத்தி 1962 ஜூலை 10 அன்று விண்ணில் ஏற்றியது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி நேரலைத் தொலைக்காட்சிப் படங்களைக் கடத்திப் புகழ்பெற்ற அச்செயற்கைக்கோள், அதற்கு முந்தைய நாள் அமெரிக்க அரசே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் நடத்திய ‘ஸ்டார்ஃபிஷ் பிரைம்’ அணுகுண்டுச் சோதனை பரப்பிய கதிர்வீச்சால் பழுதுற்று, 1963 பிப்ரவரியில் செயலிழந்தது.

விண்வெளித் தகவல்தொடர்புக்கெனத் தனியார் கூட்டு நிறுவனம் ஒன்றை அமைக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவர் கென்னடியின் அரசு முன்வைத்தபோது, எஸ்டஸ் கீஃபாவர், வெய்ன் மோர்ஸ், ரஸ்ஸல் லாங் உள்ளிட்ட செனட்டர்கள், பொதுப்பணத்தில் விளைந்த வளத்தை ஒரு பெருநிறுவனத்தின் பிடியில் விடுவதாகும் அது என்று எதிர்த்தனர். அவர்கள் கையாண்ட வழி ஃபிலிபஸ்டர், அதாவது வாக்கெடுப்பு நடவாதபடி இடைவிடாது பேசி அவையை முடக்கும் உத்தி. குடிமை உரிமைச் சட்டங்களைத் தடுக்கத் தென்மாநிலத்தவர் அதைக் கையாண்டபோது கண்டித்தவர்களிற் பலர் இம்முறை அதையே நாடினர். ஆகஸ்ட் 14 அன்று, விவாதத்தை முடித்துவைக்கும் தீர்மானம் 63க்கு 27 என்ற வாக்குகளில் நிறைவேறியது. 1927க்குப் பின் அத்தகைய தீர்மானம் வெற்றிபெற்றது அதுவே முதன்முறை. ஆகஸ்ட் 31 அன்று கென்னடி கையொப்பமிட, மசோதா சட்டமாயிற்று.

அச்சட்டத்தின்வழி உருவான காம்சாட் நிறுவனத்தின் பங்குகளில் பாதி தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் பாதி பொதுமக்களுக்கும் ஒதுக்கப்பட்டன. 15 இயக்குநர்களில் மூவரைக் குடியரசுத் தலைவர் நியமிப்பார் என்ற விதி, எதிர்த்தவர்கள் கோரிய அரசுடைமைக்கு ஈடாகாதெனினும், பொதுநலனுக்கு நிர்வாகக் குழுவில் மூன்று இருக்கைகளையேனும் அளித்தது. 1964இல் பல நாடுகள் சேர்ந்து இன்டெல்சாட் கூட்டமைப்பைத் தொடங்கின. 1965 ஏப்ரலில் அதன் முதல் செயற்கைக்கோளான ‘ஏர்லி பேர்ட்’ 240 தொலைபேசி இணைப்புகளைத் தாங்கும் திறனுடன் ஏவப்பட்டது.

இதே வினா ஐக்கிய நாடுகள் அவையிலும் எழுந்தது. விண்வெளிப் பணிகளை அரசுகள் மட்டுமே மேற்கொள்ள வேண்டுமெனச் சோவியத் ஒன்றியம் வற்புறுத்த, அமெரிக்கா மறுக்க, 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை நடுவழியொன்றை வகுத்தது: தனியார் விண்வெளிக்குச் செல்லலாம், ஆனால் அவர்களுக்கு அனுமதி அளித்துத் தொடர்ந்து மேற்பார்வையிடும் கடமையும் பொறுப்பும் அவர்தம் அரசையே சாரும்.

2019 மே மாதத்தில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் 60 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களை ஒரே ராக்கெட்டில் ஏவி இணையச் சேவைக்கு அடித்தளமிட்டபோதும், 2022இல் உக்ரைன் போர்க்களம் அச்சேவையைச் சார்ந்திருக்க நேர்ந்தபோதும், அந்நிறுவனத்தைக் கட்டுப்படுத்திய சட்ட நெறி 1967இன் நடுவழியே. எனினும், காம்சாட்டைப் போல அரசு நியமித்த இயக்குநர் எவரும் அந்நிறுவனத்தில் இல்லை. ஸ்டார்லிங்க் வலையமைப்புக்கு 2018இல் இசைவளித்தது நாடாளுமன்றமன்று, அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம். 1962இல் கீஃபாவரும் அவருடைய தோழர்களும் தோற்றார்கள். ஆயினும், மக்கள் பிரதிநிதிகளின் அவையில், சட்டம் இயற்றப்படுமுன்பே உடைமை பற்றிய கேள்வியை எழுப்பியது அவர்களுடைய சாதனை. அத்தகைய அவை விவாதம் இன்றைய விண்வெளி இணையத்துக்கு முன்னதாக நிகழவில்லை என்பதே இவ்வரலாறு சுட்டும் குறை.