கதர் உண்டியும் தீபாவளிச் சீட்டும்

உண்டியல் என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவில் எழுவது வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் இருப்பது போன்ற காணிக்கைப் பெட்டிதான். ஆனால் வணிகர் வழக்கில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. ஓரூரில் பணத்தைக் கட்டிவிட்டு வேற்றூரில் அதைப் பெற்றுக்கொள்ள உதவிய தாளுக்கும் உண்டியல் என்றே பெயர். வடபுலத்தார் அதனை ஹுண்டி என்றனர். கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார் இத்தாளின் நம்பிக்கையில்தான் பெரும் தொகைகளை ஊர்விட்டு ஊர் நகர்த்தினர். எழுதிக் கொடுத்தவனின் சொல்லுக்கு மதிப்பு இருக்கும்வரை தாளுக்கும் மதிப்பு இருந்தது.

இன்றைய துணிக்கடைகளும் நகைக்கடைகளும் விற்கும் கிஃப்ட் வவுச்சர் இந்த உண்டியலின் தூரத்து உறவு என்றே நமக்குப் படுகிறது. அதற்கு நல்ல தமிழ்ப் பெயர் இன்னும் நிலைபெறவில்லை. பரிசுச்சீட்டு என்று சொல்லலாம்தான். ஆனால் 1968இல் தமிழக அரசு தொடங்கி 2003இல் தடை செய்யப்பட்ட லாட்டரி அப்பெயரைத் தனதாக்கிக்கொண்டது. நாற்பது வயதைக் கடந்தவரிடம் பரிசுச்சீட்டு என்றால், குலுக்கல் எப்போது என்றுதான் கேட்பார்!

கம்பம் பள்ளத்தாக்கின் கடைவீதிகளில் நம்பிக்கை எந்தத் திசையில் ஓடியது என்பதைப் பார்ப்போம். 1895இல் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு நீர் இப்பக்கம் திரும்பியபின், கூடலூர் முதல் உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக வீரபாண்டி வரை நெல்வயல்கள் உறுதிப்பட்டன. மேலே ஏலமலை, கீழே போடிநாயக்கனூரில் ஏலக்காய் வணிகம். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. விளைச்சல் உண்டு; ஆனால் பணம் ஆண்டுக்குச் சில மாதங்களே கையில் புழங்கும். அறுவடைக்கும் ஏலக்காய் எடுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் ஒரு வீட்டில் திருமணம் வந்தால் என்ன செய்வது? துணிக்கடை கணக்கு வைத்துக் கொடுத்தது. பாயோ ஜமுக்காளமோ விரித்து உட்காரவைத்து, சேலைகளை ஒவ்வொன்றாக உதறிக்காட்டி, குடிக்க ஏதேனும் வரவழைத்து, மஞ்சப்பையில் துணியைப் போட்டு அனுப்பினார் கடைக்காரர். பேரேட்டில் ஒரு வரி எழுதப்பட்டது. வெள்ளாமை வீட்டுக்கு வந்ததும் கணக்குத் தீர்ந்தது.

இதை நாம் பொற்காலமாகப் பேச வரவில்லை. விலைக்குள் வட்டி ஒளிந்திருந்ததும், நிலம் இல்லாத கூலிக்காரருக்கு அந்த ஜமுக்காளம் எளிதில் விரிக்கப்படாததும் உண்மை. எனினும் ஒன்று தெளிவு. அங்கே கடன் கொடுத்தவர் கடைக்காரர், நம்பப்பட்டவர் வாடிக்கையாளர். அந்த உபசாரத்தின் வேர் அதில்தான் இருந்தது. கடன் நிலுவையில் உள்ள வாடிக்கையாளரைக் கடைக்காரர் மறப்பதில்லை. வீட்டில் எத்தனை பெண்கள், யாருக்கு எப்போது சடங்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

இந்த ஓட்டத்தை அறிந்தே திருப்பிவிட்ட முயற்சிகளுள் கதர் இயக்கம் முக்கியமானது. 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் அமைந்தது. அதன் தமிழ்நாட்டுக் கிளை திருப்பூரை மையமாகக் கொண்டு இயங்கியது. கதரின் தொல்லை அன்றும் இன்றும் ஒன்றே. நூற்பவருக்கும் நெய்பவருக்கும் கூலியை முன்னரே கொடுத்தாக வேண்டும். துணியோ மெல்லத்தான் விற்கும். நடுவே முடங்கும் முதலை யார் தருவது? காந்தியடிகள் ஒரு கட்டத்தில் பணத்தையே ஐயுற்றார். கதர் வாங்குவோர் விலையில் ஒரு பகுதியைத் தாமே நூற்ற நூலாகச் செலுத்த வேண்டும் என்ற விதி 1945இல் நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரையே உற்பத்தியாளராக்கும் இப்பரிசோதனை நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் வணிக வரலாற்றில் இதைப்போல் துணிச்சலான ஒரு விற்பனை விதியை நாம் கண்டதில்லை.

விடுதலைக்குப் பின் கதர் உண்டி பரவலாயிற்று. காந்தி ஜயந்தியை ஒட்டித் தொண்டர்கள் இவற்றை விற்றனர். 2 ரூபாய், 5 ரூபாய், 10 ரூபாய் எனச் சிறு மதிப்புகளில் அச்சான இத்தாள்களைப் பணம் கொடுத்து வாங்கியவர், பின்னர் கதர்க் கடையில் அதே மதிப்புக்குத் துணி பெறலாம். பிறருக்கு அன்பளிப்பாகவும் தரலாம். பழம்பணம் சேகரிப்போரிடம் இன்றும் இவை கிடைக்கின்றன. காந்தியின் உருவம் பொறித்த அவை ரூபாய்த்தாள் போலவே தோன்றும். செயல்முறையில் இன்றைய கிஃப்ட் வவுச்சருக்கும் இதற்கும் வேற்றுமை ஏதுமில்லை. வேற்றுமை ஒப்பந்தத்தின் வெளிப்படைத்தன்மையில் இருந்தது. கடையிடம் முதல் இல்லை, எனவே முன்னரே தருகிறோம் என்பதை அறிந்தே மக்கள் வாங்கினர். கடன் கொடுப்பவர் தாம் கடன் கொடுப்பதை அறிந்திருந்தார்.

1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் இரு திசைகளிலும் நடந்து பார்த்தது. அரசு ஊழியருக்குத் தவணைக் கடனில் துணி தந்தது. பழைய பேரேட்டின் அரசு வடிவம் அது. பிற்காலத்தில் 'கனவு நனவுத் திட்டம்' என்ற பெயரில் மாதந்தோறும் பணம் பெற்று இறுதியில் துணி தருகிறது. இது உண்டியின் வடிவம். 2012 முதல் 2014 வரை உ. சகாயம் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, சேலையில் அதை நெய்தவரின் படம் தாங்கிய அட்டை இணைக்கப்பட்டது. ஆண்டிப்பட்டிக்கு அருகில் சக்கம்பட்டி போன்ற நெசவூர்கள் உள்ள மாவட்டத்தில் வாழும் நமக்கு அந்தச் சிற்றட்டை பெரிய செய்தி. நம் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்று ஒரு கடை தானாக முன்வந்து சொன்னது அரிது.

தனியார் கடைவீதியில் இதே வேலையைச் செய்தது தீபாவளிச் சீட்டு. மாதம் ஒரு தொகை. ஐப்பசியில் துணியும் இனிப்பும் பட்டாசும், சில இடங்களில் ஒரு பாத்திரமும். அதன் அண்ணன் நகைச்சீட்டு. நகைச்சீட்டு ஏன் பெரும்பாலும் பதினொரு மாதம் என்று வாசகர் வியந்திருக்கக் கூடும். 2014ஆம் ஆண்டின் கம்பெனி வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காகப் பெற்ற முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகத் தீர்த்தால் அது வைப்புத்தொகை ஆகாது. ஆண்டைக் கடந்தால் ஆகிவிடும். வைப்புத்தொகைக்குரிய கட்டுப்பாடுகள் அத்தனையும் வந்து சேரும். அந்த வேலியின் மிக அருகே நிற்கும் எண்தான் பதினொன்று. வாடிக்கையாளரின் பணம் தனிப் பெட்டியில் வைக்கப்பட வேண்டும் என்று இவ்விதி கேட்பதில்லை. காலத்தை மட்டுமே அளக்கிறது.

பணம் தனிப் பெட்டியில் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்து நல்ல சாட்சி. அங்கு ஃபேர்பாக் என்ற நிறுவனம் கிறிஸ்துமஸ் சீட்டு நடத்தியது. எளிய குடும்பங்கள் ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகக் கட்டி, பண்டிகைக்குக் கூடைகளும் பெரிய கடைகளின் வவுச்சர்களும் பெறும். நம் தீபாவளிச் சீட்டேதான். 2006 அக்டோபரில் அது நொடித்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ நான்கு கோடி பவுன் முடங்கியது. சேமிப்பு தாய் நிறுவனத்தின் கடனோடு கலந்துவிட்டிருந்தது. 2013 ஜனவரியில் இசைத்தட்டு விற்ற எச்எம்வி கடைகள் நொடித்தபோது, வவுச்சர்கள் இனிச் செல்லாது என்று முதலில் அறிவித்தார்கள். சட்டப்படி அது சரிதான். கிறிஸ்துமஸ் முடிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அன்பளிப்பாய்ப் பெற்ற தாள்களுடன் வந்தோர் கொதித்தனர். ஒரு வாரத்துக்குள் அறிவிப்பு மாற்றப்பட்டு, செல்லும் என்றார்கள். சட்டம் கடன்காரர் வரிசையின் கடைசியில் நிறுத்திய வாடிக்கையாளரை, கடையைப் பிழைக்கவைக்கும் கணக்கு முன்னே அழைத்து வந்தது.

நம் பக்கமும் கதைகள் குறைவில்லை. 1990களின் நிதி நிறுவன வீழ்ச்சிகளுக்குப் பின் 1997இல் தமிழகம் முதலீட்டாளர் நலன் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. 2023இல் பிரணவ் ஜுவல்லர்ஸ் கடைகள் பூட்டப்பட்டபோது, பணம் கட்டியோர் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாயில்களில் நின்றனர். மோசடி வேறு, நொடிப்பு வேறு என்பதை நாம் மறுக்கவில்லை. சீட்டு அட்டையோடு பூட்டிய கதவின் முன் நிற்பவருக்கு அந்த நுட்பம் எட்டுவதில்லை என்பதே குறை.

நாணயமாகவே நடத்தப்படும் சிறு கடைகளின் நிலையையும் சொல்லியாக வேண்டும். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாமற்போயின. 2020, 2021 ஆண்டுகளின் சித்திரை, அதாவது வீரபாண்டித் திருவிழாவும் திருமணங்களும் சேர்ந்து துணி விற்கும் மாதம், நோய்க்காலக் கட்டுப்பாடுகளில் கழிந்தது. மதுரையின் அடுக்குமாடிக் கடைகள் ஒருபுறம், கைப்பேசியில் விரியும் கடை மறுபுறம். முதல் இறுகும்போது முன்பணம் வாங்கத் தோன்றுவது இயல்பே. கடைக்கு அது வட்டியில்லாப் பணம்; வங்கி கேட்கும் ஈடும் இல்லை.

ஆனால் முன்பணம் தந்தவரைக் கடை எப்படி நடத்துகிறது? நம் அனுபவத்தில், ரொக்கம் கொண்டு வருபவருக்கே முதல் மரியாதை. வவுச்சரை நீட்டியவரிடம், தள்ளுபடித் துணிக்கு இது செல்லாது, மீதிச் சில்லறை கிடையாது, மேலாளர் வரட்டும் என்கிறார்கள். பணம் முன்பே கல்லாவில் விழுந்துவிட்டது அல்லவா! பேரேட்டுக் காலத்தில் நிலுவை வாடிக்கையாளரின் பக்கம் இருந்தது. அவரைத் தேடி ஆள் அனுப்பினார்கள். இப்போது நிலுவை கடையின் பக்கம். அலைபவர் வாடிக்கையாளர்.

இத்தனைக்கும் இப்பள்ளத்தாக்கின் திருமணங்களில் கிஃப்ட் வவுச்சர் வேரூன்றவில்லை. காரணம் செய்முறை நோட்டு என்று கருதுகிறோம். மொய் இங்கே வெறும் அன்பளிப்பன்று. திருப்பிச் செய்தே தீரவேண்டிய கணக்கு. இன்னார், இன்ன ஊர், ஆயிரத்தொரு ரூபாய் என்று எழுதலாம். ஆண்டுக்கெடு முடிந்தால் காலாவதியாகும் ஒரு கடைத்தாளை எந்தக் கட்டத்தில் எழுதுவது? பத்தாண்டு கழித்து அவர் வீட்டு விசேஷத்தில் அதற்கு எதைத் திருப்பிச் செய்வது?

சீட்டை மட்டும் நம் பெண்கள் விடவில்லை. அதற்கு அவர்கள் ஒரு முறையும் கண்டிருக்கிறார்கள். கடைசித் தவணை கட்டிய பின் தீபாவளி நெருங்கட்டும் என்று காத்திருப்பதில்லை. மறுநாள் காலையிலேயே அட்டையோடு கடைக்குப் போய், கூட்டம் சேருமுன், சேலையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள்.